நாலாவது துண்டு

தபால்ல கல்யாணப் பத்திரிகை வந்தா அதுக்கு என்னக்கா அர்த்தம்?

இந்தப் பையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிக்கறீங்களா, முட்டி இடிக்குது. ஆங், போதும். முன்பின் தெரியாதவகிட்ட என்னடா இப்படிக் கேக்கறாளேன்னு நெனைக்காதீங்க. பன்னெண்டு வருஷம் ஒரே தெருவுல இருந்தவக்கா அவ. என் வீட்டுச் சாவி ஒண்ணு அவகிட்ட, அவ வீட்டுச் சாவி ஒண்ணு என்கிட்ட. அப்படிப்பட்டவ நேர்ல வந்து, தட்டுல பழம் வெச்சுக் கூப்பிட வேணாமா? ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பிருக்கா. உள்ள ஒரு வரி கையெழுத்துகூட இல்ல. ஜனவரியில கல்யாணம். பொண்ணே அவதான், வயசு நாப்பத்தி நாலு. சிரிக்காதீங்க, நான் சிரிக்கல. நல்லா இருக்கட்டும்.

ஜெசிந்தா அவ பேரு. திருப்பத்தூர்ல பொண்ணுங்க பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சர். நான் வசுமதி. தாலுகா ஆபீஸ்ல சர்வே பிரிவுல படம் வரையறவ. நிலத்துப் படம்தான், சாமி படம் இல்ல. என் வீட்டுக்காரர் ஓசூர்ல வேலை, மாசத்துக்கு ரெண்டு தடவை வருவாரு. அவளுக்கு அப்பா அம்மா இல்ல. ஆம்பூர்ல ஒரு அண்ணன். வீட்டுல ஒரு நாய். கன்னங்கரேல்னு இருக்கும், மிளகுன்னு பேரு. தெரு நாய்தான், அவதான் குட்டியில தூக்கிட்டு வந்து வளத்தா.

ஜவ்வாது மலையை இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் நடந்தே கடக்கறதுன்னு நாங்க ரெண்டு பேரும் ஒரு திட்டம் வெச்சிருந்தோம். ஒரே மூச்சுல இல்ல, லீவு எங்க கிடைக்குது. பதினோரு துண்டாப் பிரிச்சுக்கிட்டோம். ஒரு சனி ஞாயிறுக்கு ஒரு துண்டு. போன தடவை எந்த எடத்துல நிறுத்தினோமோ அங்கயே பஸ்ல போய் இறங்கி, அங்கிருந்து தொடங்கணும். ஒரு அடிகூட விடக் கூடாது. படம் நான்தான் வரைஞ்சேன். ட்ரேசிங் பேப்பர்ல, மேடு பள்ளம், ஓடை, ஊரு எல்லாம் போட்டு, நடந்த பாதையைச் செவப்பு மையில ஏத்திக்கிட்டே வருவேன். மூணு துண்டு முடிச்சாச்சு. புரட்டாசியில நாலாவது துண்டு போனோம். அதுலதான் எல்லாம்.

சனிக்கிழமை காலையில நல்லாத்தான் ஆரம்பிச்சோம். அரசங்கொல்லைன்னு ஒரு மலைக் கிராமம், அங்க இறங்கி நடந்தோம். முந்தின நாள் மழை பெஞ்சு மண்ணு நல்லா ஊறியிருந்துச்சு. ஜெசிந்தா எப்பவும் முன்னாடி போவா, நாய் அவ காலையே சுத்திக்கிட்டுப் போகும், நான் படத்தைப் பாத்துக்கிட்டுப் பின்னாடி. பதினோரு கிலோமீட்டர். சாயந்திரம் அஞ்சு மணிக்கு ஒருத்தர்கிட்டச் சொல்லி வெச்சிருந்த சாமை வெதைச்ச கொல்லை ஓரத்துல டென்ட் போட்டோம். புளிசாதம் கட்டிக்கிட்டுப் போயிருந்தோம். அதைச் சாப்பிட்டு முடிச்சுக் கையைக் கூடத் தொடைக்கல, அப்பச் சொல்றா.

"வசு, நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்டி."

ஆம்பூர்ல அம்புரோஸ்னு ஒருத்தராம். கோயில்ல பாட்டுக் குழு நடத்தறாராம். பொண்டாட்டி தவறி ஆறு வருஷமாம். அண்ணன் பாத்த எடம். ஆம்பூருக்கே மாத்தல் கேட்டிருக்காளாம்.

"அப்ப மிச்சம் ஏழு துண்டு?"ன்னு கேட்டேன்.

"இதோட நிறுத்திக்கலாம். இல்லன்னா என்னைக்காவது பாத்துக்கலாம்"ங்கறா.

நான் ஒண்ணும் சொல்லலக்கா. சத்தியமா ஒரு வார்த்தை தப்பாச் சொல்லல. சரின்னேன். சந்தோஷம்னேன். அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டேன். அவ என்னென்னமோ பேசிக்கிட்டே இருந்தா, நான் தூங்கற மாதிரி இருந்தேன். அவ்வளவுதான். இதுல என் தப்பு என்ன?

விடியக் காலையில அஞ்சு மணிக்கு எனக்கு முழிப்பு வந்துருச்சு. சூரியன் கெளம்பறதைப் பாக்க மேல ஒரு பாறை இருக்குன்னு படத்துல குறிச்சு வெச்சிருந்தேன். அவளை எழுப்பல. எழுப்பினாலும் எந்திரிக்க மாட்டா, மரக்கட்டை மாதிரித் தூங்கறவ. நான் மட்டும் கெளம்பினேன். ஒரு கையில டார்ச்சு, ஒரு கையில நாயோட கயிறு. அது வேற இழுத்துக்கிட்டு நிக்குது. செருப்பைத் தேடி மாட்டிக்கிட்டு வெளிய வந்து பாறைக்கு ஏறினேன். டென்ட்டோட ஜிப்பை நான் எப்பவும் மூடிடுவேன். அது என் பழக்கம். ஆபீஸ்ல பீரோவைத் திறந்தாக்கூட மூடிட்டுத்தான் அடுத்த வேலை பாப்பேன், யாரை வேணாக் கேளுங்க.

பாறையில உக்காந்து ஒரு பத்து நிமிஷம் இருக்கும். நாய் கயித்தை உருவிக்கிட்டு ஓடிருச்சு. டென்ட்டுகிட்ட நின்னு குரைக்குது. சாதாரணமா இல்ல, பின்னங்கால்ல பின்வாங்கிப் பின்வாங்கிக் குரைக்குது. கொல்லைக்காரங்க வந்துடுவாங்களோன்னு எனக்குப் பயம். இறங்கி வந்து கயித்தைப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போய்த் தூரத்துல ஒரு புங்க மரத்துல கட்டினேன். முதுகுல ரெண்டு வெச்சேன். அதுக்கப்புறம் அது குரைக்கல, ஊளை மாதிரி ஒண்ணு விட்டுக்கிட்டே இருந்துச்சு. நான் திரும்ப மேல ஏறிட்டேன். அன்னைக்குச் சூரியன் அப்படி வந்துச்சு. போட்டோ இருக்கு, அப்புறம் காட்டறேன்.

ஆறரைக்கு வந்து அவளை உலுக்கி எழுப்பினேன். எந்திரிச்சு உக்காந்து முழங்கையைத் தடவறா.

"என்னமோ கடிச்ச மாதிரி இருந்துச்சுடி."

பாத்தேன். ரெண்டு புள்ளி, ஊசி குத்தின மாதிரி. வீக்கம் இல்ல, செவப்பு இல்ல, ரத்தம் இல்ல.

"எறும்பு. காட்டுல எறும்பு இல்லாம இருக்குமா"ன்னேன்.

"வயித்தை வலிக்குது."

"புளிசாதம் ஒத்துக்கல."

யாரா இருந்தாலும் அப்படித்தானேக்கா சொல்லுவாங்க. நான் என்ன டாக்டரா?

ஏழரைக்கு மூட்டை கட்டிக் கெளம்பிட்டோம். ஒன்பது கிலோமீட்டர் பாக்கி. முடிச்சா மத்தியானம் பஸ் புடிச்சுடலாம். எப்பவும் முன்னாடி போறவ அன்னைக்குப் பின்னாடி வர்றா. பத்தடிக்கு ஒரு தடவை நிக்கறா. நாயும் அவகூடவே நிக்குது. நான் கூப்பிட்டா வரல. திரும்பிப் பாத்தா ஒரு கல்லு மேல உக்காந்திருக்கா.

"முடியல வசு."

தினம் காலையில நூறு பிள்ளைங்களை கிரவுண்டுல ஓட விடறவக்கா அவ. அவளுக்கு முடியலையாம். முந்தின நாள்தான் நிறுத்திக்கலாம்னு சொல்லிருக்கா, இன்னைக்கு நடக்க முடியலங்கறா. எனக்கு எப்படித் தோணும், நீங்களே சொல்லுங்க. நான் பேசறேன், அவ பாதிக் கண்ணை மூடிக்கிட்டுப் பாக்கறா. அப்படியே அலட்சியமா. தலையை அண்ணாந்துக்கிட்டு மூக்கு வழியாப் பாக்கற மாதிரி.

"கண்ணைத் தொறந்து பாரு, பேசறது கேக்குதா"ன்னேன்.

"தொறந்துதான் இருக்கேன். ரெண்டு மிளகு தெரியுதுடி"ங்கறா.

எனக்குக் கோவம் வந்துருச்சு. வெளையாடறதுக்கு ஒரு நேரம் இல்லையா. தண்ணி குடுத்தேன். வாயில ஊத்தினதைக் கீழ வழிய விட்டா. துப்பறாளேன்னு நெனைச்சேன்.

எட்டரை மணி இருக்கும். ஒரு எடத்துல பாதை ரெண்டாப் பிரியுது. இடது பக்கம் இறங்கினா இருபது நிமிஷத்துல ஒரு ஊரு, தார் ரோடு. வலது பக்கம்தான் எங்க பாதை, மலை முதுகு மேல போகுது. ஜெசிந்தா இடது பக்கம் கையைக் காட்டறா. நாய் அந்தப் பாதையில பத்தடி இறங்கித் திரும்பி நின்னுக்கிட்டு எங்களையே பாக்குது.

நான் சொன்னேன். "உனக்கு நிறுத்தணும்னா நிறுத்திக்க. ஆனா இந்தத் துண்டை முடிச்சுட்டு நிறுத்து. பாதியில விட்டுட்டு உன் கல்யாணத்துக்குப் போகாத."

அவ என்னமோ சொன்னா. நாக்கு தடிச்சுப் போய் வார்த்தை வரல.

"ஒழுங்காப் பேசு"ன்னேன்.

அவ என்னைப் பாத்தா. தலையைப் பின்னால சாய்ச்சு, அந்தப் பாதிக் கண்ணால. அப்புறம் வலது பக்கமே வந்தா. நான் கையைப் புடிச்சு இழுக்கலக்கா. அவளாத்தான் வந்தா. நாயைத்தான் இழுக்க வேண்டியிருந்துச்சு.

இருபது நிமிஷம் நடந்திருப்போம். பின்னாடி சத்தம். மூட்டையோட அப்படியே பக்கவாட்டுல சரிஞ்சு கெடக்கறா. ஓடிப் போய்த் தலையைத் தூக்கினேன். கழுத்து நிக்கல. குழந்தைக் கழுத்து மாதிரித் தொங்குது. வாயில நுரை இல்ல, எச்சிதான் வழியுது, அதை முழுங்க முடியல அவளால. "ஜெசி, ஜெசி"ன்னு கூப்பிடறேன். கண்ணு மூடியிருக்கு. ஆனா என் வெரலை ஒரு அழுத்து அழுத்தறா. எல்லாம் கேக்குது அவளுக்கு. பேச்சுதான் இல்ல.

போன்ல ஒரு கோடு சிக்னல்கூட இல்ல. நான் கத்தறேன், நாய் குரைக்குது. அப்ப மேட்டுல இருந்து ஒரு பொம்பளை கம்பை ஓங்கிக்கிட்டு இறங்கி வர்றா. எங்களுக்கு உதவி பண்ண வரல. நாய் ஆட்டைக் கடிச்சுடப் போகுதுன்னு அதை அடிக்க வந்தா. முப்பது வயசுக்குள்ளதான் இருக்கும். காவேரின்னு பேரு, அப்புறம்தான் தெரிஞ்சுது. கீழ கெடக்கறவளைப் பாத்ததும் கம்பைப் போட்டுட்டா. பக்கத்துல உக்காந்து கட்டை வெரலால கண் ரெப்பையைத் தூக்கினா. விட்டா. ரெப்பை அப்படியே விழுந்துச்சு.

"ராத்திரி எங்க படுத்தாங்க?"

"டென்ட்ல."

"தரையில?"

"டென்ட்ல, உள்ள பாய் போட்டு."

"கடி எங்க?"

"எறும்புதான் கடிச்சுது"ன்னேன்.

அவளே கை காலெல்லாம் தடவிப் பாத்து முழங்கையில அந்த ரெண்டு புள்ளியைக் கண்டுபிடிச்சா.

"கட்டுவிரியன். எப்ப இருந்து கண்ணு சொக்குது?"

எனக்குச் சொல்லத் தெரியல. ஒரு மணி நேரமா ரெண்டு மணி நேரமா. அலட்சியமாப் பாக்கறான்னு நான் நெனைச்சது எப்ப இருந்துன்னு எண்ணிப் பாக்கறேன், எண்ண வரல.

காவேரி எந்திரிச்சு மலைச் சரிவைப் பாத்து ஒரு கூக்குரல் குடுத்தா. கீழ இருந்து ஒரு கூக்குரல் வந்துச்சு. அவ வீட்டுக்காரர் கோவிந்தன், கொல்லையில வேலையா இருந்தவரு, மூச்சு வாங்க ஏறி வந்தாரு. டென்ட்டை உருவி, துணியை விரிச்சு, அதுல அவளைப் போட்டுத் தூளி மாதிரித் தூக்கினோம். முன்னாடி அவரு, பின்னாடி நாங்க ரெண்டு பேரும். வந்த வழியே திரும்பி, அந்தப் பிரியற எடத்துக்கு வந்து, இடது பக்கம் இறங்கினோம். என் படத்துல அந்தப் பாதையை ஒரு புள்ளிக் கோடாத்தான் போட்டிருந்தேன். நடக்க நடக்க அவ மூச்சு சின்னதாகிக்கிட்டே போகுது. காவேரி நடந்துக்கிட்டே ஒரு கையை அவ நெஞ்சுல வெச்சிருந்தா.

ஊருல கோவிந்தனோட பைக் நின்னுச்சு. அவர் முதுகோட ஜெசிந்தாவைச் சாய்ச்சுத் துண்டால கட்டினாங்க. பின்னாடி ஒருத்தர் உக்காந்து புடிக்கணும். நான் ஏறப் போனேன்.

"நீங்க வேணாம்"னா காவேரி. "மூச்சு நிக்குதான்னு பாத்துக்கிட்டே வரணும். நின்னா வாயில ஊதணும். உங்களால ஆகாது."

"அவ என் ஃப்ரெண்டு"ன்னேன்.

"ஆடு மேல நிக்குது. நாப்பத்தியொண்ணு. ஓடைக்கு இறங்க விடாதீங்க"ன்னு சொல்லிட்டு ஏறி உக்காந்துட்டா.

பைக் போயிருச்சு. நாய் பின்னாடியே ஓடுது. நான் கூப்பிடறேன், திரும்பியே பாக்கல.

நான் போய் ஆடு மேச்சேன்க்கா. என்ன பண்றது. தாலுகா ஆபீஸ்ல இருவத்தி ரெண்டு வருஷ சர்வீஸ், அன்னைக்கு மலை மேல கம்பை வெச்சுக்கிட்டு நாப்பத்தியொரு ஆட்டை எண்ணிக்கிட்டு நின்னேன். எண்ணுவேன், முப்பத்தொன்பது வரும். பதறிப் போய்த் திரும்ப எண்ணுவேன், நாப்பத்தி ரெண்டு வரும். உயிரோட இருக்காளா இல்லையான்னு தெரியாது. யாரைக் கேக்கறது? பத்தரையில இருந்து மத்தியானம் மூணு மணி வரைக்கும். நடுவுல மிளகு மட்டும் திரும்பி வந்துச்சு. நாலு காலு அடியும் தேஞ்சு ரத்தம். என்கிட்ட வரல. கொஞ்சம் தள்ளி ஒரு புதர் நிழல்ல படுத்து, ரோடு இருக்கற பக்கமே பாத்துக்கிட்டு நக்கிக்கிட்டு இருந்துச்சு. தண்ணி ஊத்தி வெச்சேன். நான் எந்திரிச்சுப் போனதுக்கப்புறம்தான் குடிச்சுது.

மூணு மணிக்குக் காவேரி வந்தா. மொத வேலையா ஆட்டை எண்ணினா. சரியா இருந்துச்சு.

அப்புறம் சொன்னா, "மலை அடிவாரத்துல ஊசி போட்டாங்க. வண்டியில ஏத்திப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க. பைக்ல போற வழியிலயே ரெண்டு தடவை மூச்சு நின்னுச்சு."

"நீ ஊதினியா?"

"ஊதினேன்"னா. அவ்வளவுதான். அவளுக்கு ஒரு நன்றிகூட நான் சரியாச் சொல்லல.

நாலு நாள் மெஷின்ல வெச்சிருந்தாங்க. தொண்டையில குழாய். அண்ணன் ஆரோக்கியம் வாசல்லயே உக்காந்திருந்தாரு. அந்த அம்புரோஸும் வந்தாரு, பாவம், வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு ஒரு மூலையில ஜெபமாலை உருட்டிக்கிட்டே நின்னாரு. அவ பொழைச்சது மூணு பேரால. காவேரி, டாக்டரு, அந்த மருந்து. நான் அந்தக் கணக்குல இல்ல, எனக்குத் தெரியும்.

டாக்டர் ஆரோக்கியத்துகிட்டச் சொல்லிருக்காரு. டென்ட்டு கிழியல, ஜிப் போட்டிருந்தா பாம்பு உள்ள வந்திருக்காது, திறந்து கெடந்த வழியா வந்து, உடம்புச் சூட்டுக்குப் பக்கத்துல படுத்திருக்கும்னு. அதுல இருந்து அந்த மனுஷன் என்னைப் பாக்கற பார்வையே வேற. அஞ்சாம் நாள் குழாயை எடுத்துட்டாங்க. தலைமாட்டுல அண்ணன், கால்மாட்டுல நான்.

"யாரும்மா டென்ட்டைத் திறந்து போட்டது?"ன்னு கேட்டாரு. அவளைத்தான் கேட்டாரு. ஆனா கண்ணு என் மேல.

அவளும் என்னைப் பாத்தா. இப்ப கண்ணு நல்லாத் தொறந்திருக்கு. எவ்வளவு நேரம்னு எனக்குத் தெரியாது. நர்ஸ் வந்து பாட்டிலை மாத்திட்டுப் போற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தா. நான் ஏதாவது சொல்லுவேன்னு நெனைச்சாளோ என்னமோ. நான் பேசல. எனக்கு என்ன தெரியும் பேசறதுக்கு?

அப்புறம் அந்த ஒடைஞ்ச தொண்டையில சொன்னா.

"நான்தான்ண்ணா. காலையில வெளிய போயிட்டு வந்தேன். மூட மறந்துட்டேன்."

சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா.

பாத்தீங்களா? அவளே சொல்லிட்டா. நான் சொல்லச் சொல்லல. அவ அண்ணன் முன்னாடி, அவ வாயாலயே சொன்னா. அதோட அந்த விஷயம் முடிஞ்சுதுல்ல? அப்புறம் ஏன்க்கா இப்படிப் பண்றா? மறுநாள்ல இருந்து நான் போனா தூங்கறா. டிஸ்சார்ஜ் பண்ணி நேரா ஆம்பூர் கூட்டிட்டுப் போயிட்டாங்க. ஒம்பது நாள் என் வீட்டுல இருந்த நாயைக் கூட்டிட்டுப் போக ஆரோக்கியம் வந்தாரு, வாசப்படி ஏறல, ஒரு வாய் தண்ணி குடிக்கல. போன் பண்ணா எடுக்க மாட்டா. ரெண்டு மாசமாச்சு. இப்ப இந்தப் பத்திரிகை.

தப்பு அவளுது. அதுக்கு நான் எதையும் மனசுல வெச்சுக்கல. அவ எதுக்கு என் மேல...

என்னக்கா?

இன்னொரு தடவை சொல்லுங்க, பஸ் சத்தத்துல கேக்கல.

ஆமா. ஆறரைக்கு நான்தான் எழுப்பினேன். ஆமா, அது வரைக்கும் தூங்கிக்கிட்டுதான்...

நாய் குரைச்சப்ப நான் இறங்கி வந்தேனே, அப்பவும் தூங்கிக்கிட்டுதான் இருந்தா. அவ காலு தெரிஞ்சுது. நீலப் போர்வையில இருந்து வெளிய வந்து கெடந்துச்சு. குளிருமேன்னு நெனைச்சேன். வெளிய நின்னுக்கிட்டு நெனைச்சேன்.

வெளிய இருந்து அவ காலு தெரிஞ்சுதுக்கா.

இல்ல, ஒண்ணும் இல்ல. தண்ணி வேணாம். இருக்கு என்கிட்ட.

இது எந்த ஸ்டாப்பு? ஆம்பூரா? கொஞ்சம் எந்திரிச்சு வழி விடறீங்களா. இல்லக்கா, நான் வேலூருக்குத்தான் டிக்கெட் எடுத்தேன். ஆபீஸ் வேலையாப் போறேன், பதினோரு மணிக்கு அங்க இருக்கணும். பரவால்ல. கண்டக்டர் சார், ஒரு நிமிஷம் நிறுத்துங்க, ஆள் இறங்கணும்.